தங்கச்சி கொடுக்காத மனு

12 அக்டோபர் 2025, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று போன சித்திரையிலேயே நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? எட்டாவதோடு படிப்பை விட்ட ஆட்டோக்காரன் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்குத் தங்கச்சி சந்திரகலா வந்து, தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் வேலையை விடப்போகிறேன் என்கிறாள். இருபது வருஷ சர்வீஸ் முடிந்துவிட்டது, விருப்ப ஓய்வு கேட்கலாமாம். வருகிற பணத்தை மொத்தமாக மகன் மாறனிடம் கொடுத்து, ரமணாசிரமம் பக்கம் காபிக் கடை போடப் போகிறார்களாம். வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து லேப்டாப் தட்டுகிற கடை.

அவள் புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். இவளுக்கு வயசு ஐம்பத்து நான்கு. கடை படுத்துவிட்டால் கடைசி காலத்துக்கு என்ன இருக்கு?

15 அக்டோபர்

இந்தப் பென்ஷன் விஷயத்தில் ஆபீசர்களுக்கே நான் பாடம் எடுக்கலாம். 2003க்கு அப்புறம் வேலையில் சேர்ந்தவர்களுக்கு நம் ஸ்டேட்டில் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் மாசாமாசம் பிடிப்பார்கள், கவர்மென்ட்டும் அதே அளவு போடும், போகும்போது மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு சரி. டெல்லி கவர்மென்ட்டின் பென்ஷன் திட்டத்தில் நம்மாட்கள் சேரவில்லை. நமக்கென்று தனியாக என்ன செய்யலாம் என்று பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். என்னை அதில் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் முடித்திருப்பேன்.

6 நவம்பர்

நேற்றுப் பௌர்ணமி. என் வண்டியில் ஏறியவர் யார்? சென்னை செகரட்டரியேட், நிதித்துறை, பெரிய ஆபீசர். தங்க ஃபிரேம் கண்ணாடி. கிரிவலம் வந்தவர் அடி அண்ணாமலையில் கால் கொப்பளித்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் ஏற்றிக்கொண்டு வந்து செங்கம் ரோடு லாட்ஜில் விட்டேன். என் பேச்சைக் கேட்டு அசந்துபோய், உங்களை மாதிரி ஆள் எங்கள் துறையில் இருக்க வேண்டும் என்றார். இறங்கும்போது குரலைத் தணித்து ஒரு சேதி சொன்னார். பொங்கலுக்குள் புதுத் திட்டம் வருகிறது, கடைசிச் சம்பளத்தில் பாதி மாசாமாசம் உண்டு, தெரிந்தவர் யாரும் அவசரப்பட்டு வேலையை விட வேண்டாம்.

8 நவம்பர், சனி

தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். ஹேண்ட்பேக்கில் மனு தயாராக இருந்தது. அவளே டைப் அடித்தது, ஒரு தப்பு கிடையாது. திங்கட்கிழமை கொடுக்க இருந்தாள்.

"அண்ணா, மலையைப் பார்த்து நின்னு சொல்லு. ஆபீசர் சொன்னாரா?"

நின்றேன். சொன்னேன். மனுவை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன் என்றாள்.

22 நவம்பர்

மாறன் என்னோடு பேசுவதில்லை.

4 டிசம்பர்

நேற்றுத் தீபம். இன்று மாறன் பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம்.

"மாமா, உங்க ஆபீசர் பேரை மூணு தடவை கேட்டேன், மூணு பேரு சொன்னீங்க. கடைக்குப் பார்த்து வெச்ச இடம் வேற ஆளுக்குப் போயிடுச்சு. அம்மாவுக்குப் பென்ஷனும் வரலன்னா, உங்க வண்டிய வித்து எனக்குக் கடை வெச்சுக் குடுங்க."

பெரிய ஆபீசருக்கு ரெண்டு மூணு பேர் இருக்கும்டா, உனக்கென்ன தெரியும் என்றேன். அவன் போன பிறகு சோறு இறங்கவில்லை. என்னையே நான் கேட்டுக்கொண்டேன். வரலன்னா? வரலன்னா என்னடா பண்ணுவ சக்கரவர்த்தி? அந்தப் பையன் கடையும் போச்சு, இவ பென்ஷனும் இல்ல — எந்த மூஞ்சிய வெச்சுக்குனு அவங்க வாசலுக்குப் போவ?

14 டிசம்பர்

நடந்தே மலை சுற்றி வந்தேன். பதினாலு கிலோமீட்டர். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். நாலு வருஷமாகச் சொல்கிறார்.

28 டிசம்பர்

ஒன்றும் வரவில்லை. ஜனவரி ஆறாம் தேதியிலிருந்து கவர்மென்ட் ஊழியர்கள் ஸ்டிரைக் என்கிறார்கள். இன்றைக்கும் நடந்தேன்.

3 ஜனவரி 2026, சனி

வந்துடுச்சு.

ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை டிவியில் ஓடியது. தமிழ்நாட்டுக்கென்று தனித் திட்டம், கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி. கையில் இருந்த டீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. சந்திரகலா போன் போட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது, நானும் உறிஞ்சினேன்.

அப்புறம் ஸ்டாண்டில் எல்லாருக்கும் கதை சொன்னேன். பதினோரு தடவை. இந்தத் திட்டமே அன்றைக்கு நான் ஆபீசருக்கு எடுத்துக் கொடுத்ததுதான் என்று ஏழாவது தடவையில் சேர்ந்துகொண்டது. "வுட்டா, கையெழுத்தே நீதான் போட்டன்னுவ" என்றான் பக்கத்து வண்டிக்கார குலாம் ரசூல். டீக்கு அவனே கொடுத்தான்.

11 ஜனவரி, ஞாயிறு

சந்திரகலா கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மாறன் கடை வேண்டாம் என்று சொல்லவில்லையாம், முதலில் தள்ளுவண்டி போட்டுப் பார்க்கிறானாம். மனுவை என் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னாள். கிழித்தேன். சந்தோஷத்தில் ஆபீசர் கதையை மறுபடி ஆரம்பித்தேன்.

"நிறுத்துண்ணா. பௌர்ணமி அன்னைக்கு அடி அண்ணாமலைக்குள்ள எந்த ஆட்டோவ போலீஸ் வுடுது? நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்."

தெரிந்தும் ஏன் மனுவைக் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ ஊரையே ஏமாத்துவ, மலைகிட்ட மட்டும் அடங்கியிருப்ப. எனக்காக அந்த மலைகிட்டயே பொய் சொன்ன. இவ்ளோ பயப்படறியே, நானும் கொஞ்சம் பயப்படணும்னு தோணுச்சு."

சோறு மூன்று தடவை போட்டுக்கொண்டேன். வெகுநாளைக்கு அப்புறம் ருசி தெரிந்தது.

எனக்கு நானே எழுதுகிற நோட்டில் பொய் எதற்கு? ஆபீசர் என்று யாரும் கிடையாது. பாதிச் சம்பளம் என்பது ஊழியர் சங்கத்துக்காரர்கள் வைத்திருந்த தட்டியில் படித்தது. அந்தப் பௌர்ணமிக்கு நான் வண்டியையே எடுக்கவில்லை. மாசத்திலேயே சவாரி ஜாஸ்தி கிடைக்கிற நாள் அது. வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, என்ன சொன்னால் இவள் நிற்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.