மூன்றில் ஒரு காரணம்

மார்ச் 3, செவ்வாய்

கார் நின்றுவிட்டது. வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது, வாரண்டி மூன்று வருடம். மேம்பாலத்தில் ஏறும்போது கியர் விழவில்லை. பாதி ஏற்றத்தில் நான், எனக்குப் பின்னால் ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஊரே. கட்டி இழுத்துப்போய் ஷோரூமில் விட்டேன். சர்வீஸ் மேனேஜருக்கு முப்பது வயது இருக்கும், சிரித்த முகம். "கவலையே படாதீங்க சார், வாரண்டி இருக்கில்ல" என்றான். நிம்மதியாகக் கடைக்கு வந்தேன்.

மார்ச் 5, வியாழன்

வாரண்டியில் வராதாம். கியர்பாக்ஸ் முழுசாக மாற்ற வேண்டும், லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்கிறான். நான் இரண்டாவது சர்வீஸுக்குப் பதினொரு நாள் தாமதமாக விட்டேனாம்.

"பதினோரு நாள் லேட்டானா கியர்பாக்ஸ் கோவிச்சுக்குமா தம்பி?"

"கம்பெனி ரூல் சார்."

கம்பெனி ரூல்! இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் மோட்டார் விற்கிறேன். அந்த வார்த்தையை நானே ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிறேன். என் சரக்கையே என்னிடம் விற்கப் பார்க்கிறான்.

மார்ச் 6, வெள்ளி

போனைத் தோண்டி எடுத்தேன். "இந்த வாரம் இடமில்லை, பதினொரு நாள் கழித்து வரவும்" என்று அவர்களே அனுப்பிய செய்தி இருக்கிறது. மேனேஜரிடம் நீட்டினேன். படித்தான். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

"அது சரி சார். ஆனா பின் கண்ணாடியில என்ன ஒட்டியிருக்கீங்க?"

என்ன ஒட்டியிருக்கிறேன்? "மோட்டார் வாங்கினால் வீடு தேடி வந்து இறக்கித் தருவோம்." கடைப் பெயர், போன் நம்பர், சிவப்பு எழுத்து. விளம்பரச் செலவு மிச்சம் என்று நானே உட்கார்ந்து எழுதிய வாசகம். பதினான்கு மாதமாக அந்தக் கார் தெருத்தெருவாகப் போய் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

"சொந்த உபயோகக் கார்ல சரக்கு ஏத்தினா வாரண்டி கிடையாது சார்."

ஏற்றினேனா? ஏற்றினேன். டிக்கியில் நாலு, பின் சீட்டில் இரண்டு. பின் சீட்டில் இருந்தவற்றுக்கு பெல்ட்டும் போட்டேன்.

வீட்டுக்காரி ஒரே வரியில் முடித்தாள்: "வேன் வாங்குங்கன்னேன், ஸ்டிக்கர் வாங்குனீங்க."

மார்ச் 9, திங்கள்

வாடகை வண்டிக்காரன் ஒரு நடைக்குக் கேட்பதைக் கொடுத்தால் மோட்டாரை இலவசமாகத்தான் தரவேண்டும். சீசன் உச்சத்தில் இருக்கிறது. இரண்டு ஆர்டர் கைநழுவிப் போயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

வாரண்டிப் புத்தகம் அறுபத்துநாலு பக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வியாபாரம் செய்கிற நான் ஒரு வாரண்டிப் புத்தகத்தை முழுதாகப் படித்தது இதுதான் முதல் தடவை. வாடகைக்கு விடக்கூடாது என்கிறது. சரக்கு என்று ஒரு சொல் இல்லை. ஐந்து ஆள், ஐந்து ஆளின் பெட்டி வரை தாங்குமாம். என் மோட்டார் ஒன்று பதினெட்டு கிலோ, ஆறு சேர்ந்தால் நூற்றெட்டு. என் மச்சினன் ஒருத்தனே அவ்வளவு இருப்பான். அவன் சொல்கிறான், "பழைய கார் வாங்கியிருந்தா வாரண்டிக்காக அலையற வேலையே இல்ல மாமா." அதுவும் ஒரு வழிதான்!

கணக்கை மேனேஜரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "ஓட்டற விதம் ஒண்ணு இருக்கில்ல சார். கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க."

"நீ பாத்தியா?"

"அனுபவம் சார்."

கெட்டிக்காரன். என்னிடம் வேலைக்கு வந்தால் வைத்துக்கொள்வேன். தொழில் அப்படித்தான். முதல் காரணம் உடைந்தால் இரண்டாவது கையில் தயாராக இருக்க வேண்டும். மூன்றாவது, எப்போதும் வாங்கினவரின் கைகால் மேலோ அவர் கூட்டிவந்த ஆளின் மேலோ போட வேண்டும். அதை அவரால் இல்லையென்று நிரூபிக்க முடியாது. நானும் வோல்டேஜ் என்பேன், அப்புறம் தண்ணீரில்லாமல் ஓட்டினீர்கள் என்பேன், அப்புறம் மாட்டியவன் சரியில்லை என்பேன்.

மார்ச் 12, வியாழன்

கடைக்கு ஒரு டீச்சர் வந்தார். ஏழு மாதத்துக்கு முன் வாங்கிய மோட்டார் புகைந்துவிட்டதாம்.

வோல்டேஜ் என்றேன். "ஸ்டெபிலைசரும் நீங்கதானே குடுத்தீங்க அண்ணே." தண்ணீரில்லாமல் ஓட்டியிருப்பீர்கள் என்றேன். "தொட்டி நிரம்பி வழிஞ்சப்பதான் புகைஞ்சுது." மாட்டினவன் சரியில்லை என்றேன். அதற்கும் அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேசைமேல் வைத்தார்.

"சரி அண்ணே. மூணுல எதுன்னு ஒண்ண மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை வச்சுக் குடுங்க. நான் போயிடறேன்."

இருபத்திரண்டு வருடத்தில் இப்படிக் கேட்டவர் இல்லை. வாயால் ஆயிரம் சொல்லலாம். எழுதினால் ஒன்றுதான் எழுத முடியும். எழுதியது நுகர்வோர் கோர்ட்டுக்கும் நடந்து போகும்.

"முத்திரையில மை இல்ல டீச்சர்" என்றேன்.

பில் மேசையிலிருந்து வீட்டுக்காரி குரல்: "காலையிலதான் ஊத்தினேன்."

திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பினேன்.

மார்ச் 13, வெள்ளி

ஷோரூம் திறக்கும்போதே போய் நின்றேன். வெள்ளைத் தாள், பேனா.

"லேட்டு, லோடு, கிளட்ச். மூணுல ஒண்ண எழுதி சீல் வச்சுக் குடுங்க தம்பி. எந்தப் பக்கத்துல அந்த ரூல் இருக்குன்னு பக்க நம்பரும் போடுங்க."

சிரிப்பு முதல் தடவையாக இறங்கியது. "எழுத்துல குடுக்கறது ஹெட் ஆபீஸ்தான் சார்."

"வாயில குடுத்தது நீங்கதானே?"

பேனாவை எடுத்தான். 'தாமதமாக' என்று எழுதினான், என் போனைப் பார்த்தான், அந்தச் சொல்லை அடித்தான். பக்கத்து நாற்காலியில் ஹெல்மெட்டோடு காத்திருந்தவர் மெதுவாக எட்டிப் பார்த்து, "சார், எனக்கும் ஒரு பேப்பர் கிடைக்குமா?" என்றார். கொடுத்தேன். நாலைந்து தாள் கூடவே கொண்டுபோயிருந்தேன்.

"உள்ள வந்து உக்காருங்க சார்" என்றான் மேனேஜர். கண்ணாடி அறை. ஏசி. திங்கட்கிழமை சொல்கிறேன் என்றான். எனக்குத் தெரியாத திங்கட்கிழமையா?

மார்ச் 16, திங்கள்

பத்து மணிக்குப் போன். கியர்பாக்ஸ் கம்பெனிச் செலவு, கூலியில் பாதி என்னுடையது. ஆயில் அவர்களுடையது என்று இழுத்துப் பிடித்து வாங்கினேன். புதன்கிழமை கார் வரும். மச்சினனுக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

பதினொன்றுக்கு டீச்சர். அதே தாள். நானும் நல்ல மனசோடு, "புகைஞ்ச காயிலை மாத்தறது என் செலவு, கூலியில பாதி உங்களது" என்றேன்.

"சரி அண்ணே. ஏழே மாசத்துல காயில் ஏன் போச்சுங்கறதையும் அதுலயே எழுதிடுங்க."

வீட்டுக்காரி முத்திரையை என் பக்கம் நகர்த்தினாள்.

எழுதிக் கொடுத்தது: பழைய மோட்டாருக்குப் பதில் புது மோட்டார். மாட்டும் கூலி, ஏற்றிப்போகும் வாடகை இரண்டும் கடையுடையது. வாரண்டி இன்றிலிருந்து பன்னிரண்டு மாதம்.