ஆறு மணி ஓசை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போலாரம் வாடகை வீட்டின் பூஜையறையில் செருப்பு வைத்திருக்கிறேன் என்றதும் சிரித்தீர்களே. மாடி வீட்டு கிரிஜா மாமி நேற்று முன்தினம் கேட்டார்: "சாமி நக்கோ, வேண்டாம்னுட்டு, தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மணி மட்டும் ஏன் அடிக்கிறே?"

அந்த நேரம் நான் அலுவலகத்தில் இருப்பேன். நேற்று விடுப்பெடுத்து வீட்டில் இருந்தேன். சரியாக ஆறுக்கு அந்தப் பூஜையறைக்குள் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். மணி எதுவும் இல்லை, ஓசை மட்டும் நிற்கவில்லை.

என்னை அறியாமல் "யாரு?" என்று கேட்டுவிட்டேன். உடனே நின்றது.

கேட்டதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது. செருப்புகளை வெளியே எடுத்து வைத்தேன். அறையில் ஈரம், அதனால்தான்; வேறொன்றுமில்லை.

நாரத்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. கூரியர் வேண்டாம், நீங்களே கொண்டுவந்து ஒரு வாரம் இருங்கள். இன்றும் விடுப்புதான். மணி ஐந்தே முக்கால், கடைக்குக் கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
பூர்ணா