ஸா பிடித்த விநாடிகள்

வண்டூர்
10 நவம்பர் 2025

பாட்டு டீச்சர் உமா மகேஸ்வரி அவர்களுக்கு சோனியாவோட அம்மா செலின் எழுதுறது. ஆண்டவர் உங்களையும் உங்க வீட்டையும் காக்கட்டும்.

ஒரு வருசமா போன் போட்டுப் பாத்துட்டேன், நீங்க எடுக்குறதில்ல. அதான் காகிதம். பஸ் கண்டக்டர் ஐயாவு அண்ணன் டெலானிபூர் வந்து உங்க கையிலயே குடுக்குறேன்னார். அவர்கிட்டயும் வீட்ல இல்லைன்னு சொல்லி அனுப்பிடாதீங்க.

எட்டாந்தேதியோட சோனியா போய் ஒரு வருசம், கோயில்ல வருசத் திருப்பலி முடிஞ்சுது. பாட்டுக்குழுப் பிள்ளைங்க அவ நிக்கிற எடத்தை மட்டும் விட்டுட்டு நின்னாங்க. யார் சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல. அவ அப்பா பாதியிலேயே எழுந்து வெளிய போயிட்டார்.

எங்ககிட்ட அவ குரல் இல்ல டீச்சர். போட்டோ இருக்கு, உடுப்பு இருக்கு. அவ போன் முன்னாடியே கடல்ல விழுந்து போச்சு. நீங்கதான் ஒவ்வொரு கிளாஸையும் பதிவு பண்ணுவீங்களே! "ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அவிச்சு எடுக்குறாங்கம்மா"ன்னு வந்து சிரிப்பா. அதுல ஒண்ணாவது குடுங்க. டிசம்பர் மூணு அவ பிறந்தநாள், பதினெட்டு ஆகியிருக்கும். அன்னிக்கு நானும் அவரும் உக்காந்து கேக்கணும். இந்த ஒரு வருசத்துல அவ அப்பா இருதயநாதன் என்கிட்ட பத்து வார்த்தை பேசியிருந்தா அதிகம். மகள் குரலைக் கேட்டா மனுசன் வாய் திறப்பார்னு ஒரு நம்பிக்கை.

இப்படிக்கு,
செலின்


டெலானிபூர்
14 நவம்பர் 2025

அன்புள்ள செலின் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். போனை எடுக்காதது என் தப்பு. உங்கள் பெயரைத் திரையில் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைப்பேன். அடிக்கிற வரை அடிக்கட்டும் என்று சமையலறைக்குப் போய்விடுவேன்.

சோனியாவின் நூற்றுப் பதினான்கு வகுப்புகளும் தேதி போட்டு என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தர மாட்டேன் என்றில்லை. ஒரு சங்கடம் இருக்கிறது, சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பீர்கள்.

நான் பி.எஸ்சி. பௌதிகம் படித்தவள். பாட்டை ரசித்தால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும் என்பேன். ஒரே மூச்சில் ஸா பிடித்து எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து நோட்டில் எழுதுவேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட என் பதிவுகளில்தான், போன மார்ச் முதல், மற்றப் பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் சோனியாவின் மூச்சு கேட்கிறது. பல்லிடுக்கில் இழுத்து, நடுவில் ஒரு தரம் நின்று, மறுபடி இழுப்பாளே, அதே மூச்சு. திவ்யா பாடினாலும் கேட்கிறது, சங்கவி பாடினாலும் கேட்கிறது. மைக்கை மாற்றினேன், சுருதிப் பெட்டியை அணைத்தேன், அறையையே மாற்றினேன். போவதாகக் காணோம்.

இது என்னவென்று தெரியாமல் எதையும் உங்கள் கையில் தர மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

அன்புடன்,
உமா மகேஸ்வரி


வண்டூர்
17 நவம்பர் 2025

டீச்சருக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. படிச்சதும் எனக்குப் பயம் வரல, கோவம்தான் வந்துது. பெத்தவ வீடு இங்க இருக்கு. வாரம் ரெண்டு நாள் வந்து போன உங்க வீட்டுக்குத்தான் வருவாளாமா? அன்னிலேருந்து கதவை ஒருக்களிச்சு வச்சுட்டுப் படுக்குறேன். பக்கத்து வீட்டுப் பூனைதான் வருது.

நீங்க சும்மா சொல்ற ஆளு இல்ல. அதனால ஒரு உதவி கேக்குறேன். அடுத்த தடவை அவ மூச்சு கேட்டா, அம்மா மேல கோவமான்னு கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அவ என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்க, எனக்காக மாத்தி எழுதாதீங்க.

அவர்கிட்ட பிறந்தநாளைக்குக் குரல் வருதுன்னு சொல்லிட்டேன். "எந்தப் பாட்டு?"ன்னு கேட்டார் டீச்சர்! எத்தனை மாசத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பாத்து ஒரு கேள்வி! அதை நெனச்சாவது மூணாந்தேதிக்குள்ள அனுப்பிடுங்க. நீங்க சைவம்னு தெரியும், அதனால தேங்காய் மட்டும் நாலு குடுத்துவிட்டிருக்கேன்.

செலின்


டெலானிபூர்
27 நவம்பர் 2025

அன்புள்ள செலின் அக்காவுக்கு,

தேங்காய் வந்து சேர்ந்தது. உங்கள் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்பதற்கு இங்கே யாரும் இல்லை, அக்கா. என்னை மன்னித்துவிடுங்கள்.

இரண்டு ரெக்கார்டர் வாங்கி, ஒன்றைத் திவ்யாவின் பக்கத்திலும் ஒன்றை என் ரவிக்கையிலும் வைத்தேன். அவளுடையதில் அந்த மூச்சு லேசாகக் கேட்டது. என்னுடையதில் காதைப் பிய்த்தது. அது நான். சோனியா பாட ஆரம்பிக்கும்போதெல்லாம் அவளோடு சேர்ந்து நானும் மூச்சு இழுத்திருக்கிறேன். என் உடம்பு அதை விடவே இல்லை. உங்கள் மகள் என் வீட்டுக்கு வருகிறாள் என்று உங்களை நம்ப வைத்துவிட்டேன். இந்த வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்து நோட்டு என் முன்னால் விரிந்து கிடக்கிறது. ஜூனில் சோனியா ஸா பிடித்தது இருபத்தொரு விநாடி. ஜூலையில் பதினேழு. ஆகஸ்டில் பதிமூன்று. அக்டோபர் கடைசியில் ஒன்பது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? "சாதகம் போதாது." உடம்பு கெட்டுக்கொண்டே வருகிறது என்று அந்த எண்கள் கத்தியிருக்கின்றன. நான் சோம்பேறித்தனம் என்று படித்திருக்கிறேன். நிற்க வைத்து மறுபடி மறுபடி பாட வைத்தேன். "இன்னும் ரெண்டு விநாடி இழுடி" என்று எண்ணினேன். அன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். அளக்கத் தெரிந்த திமிரில் கொன்றுவிட்டேன், அக்கா.

பென்டிரைவில் எல்லாம் இருக்கிறது. நான் ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை, தெம்பில்லை. எல்லாவற்றிலும் என் எண்ணும் குரலும் இருக்கும். இந்தக் கடிதத்தை இருதயநாதன் அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். அவர் என்னைத் திட்ட வந்தால் நான் கதவைத் திறப்பேன்.

உமா மகேஸ்வரி


வண்டூர்
9 டிசம்பர் 2025

உமா டீச்சருக்கு,

மூணாந்தேதி கேக் வாங்கி வச்சு, மெழுகுவத்தி ஏத்தி, ரெண்டு பேரும் உக்காந்து கேட்டோம். முதல் பாட்டுக்கே அவர் ஓன்னு அழுதுட்டார். அப்புறம் சிரிச்சார். "பாரு, டீச்சரையே எதுத்துப் பேசுறா!"ன்னு என் கையைத் தட்டினார். அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்குப் புண்ணியம்.

பிறகு ஆகஸ்ட் மாசத்துப் பதிவு வந்துது. "ஏன்டி இப்படி மூச்சு வாங்குது, அம்மாகிட்ட சொன்னியா?"ன்னு நீங்க கேக்குறீங்க. "அம்மாவுக்குத் தெரியும் டீச்சர்"ங்கறா. "தெரிஞ்சா சரி, ஸா பிடி"ன்னுட்டீங்க. நீங்க மறந்திருப்பீங்க. அவர் அந்த எடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அப்புறம் நிறுத்திட்டு, "என்னடி தெரியும்?"ன்னார்.

ஜூலையிலயே டாக்டர் சொல்லிட்டார் டீச்சர். இருதயத்துல வால்வு சரியில்ல, ஜல்தியா, நாள் கடத்தாம, கடல் தாண்டி மெயின்லேண்ட் கூட்டிட்டுப் போய் ஆபரேசன் பண்ணணும்னார். எங்கக்காவுக்குச் சென்னையில அப்படித்தான் நெஞ்சைத் திறந்தாங்க, திரும்ப மூடின பொணத்தைத்தான் தந்தாங்க. என் புள்ளைக்குக் கத்தி வேண்டாம், மாத்திரையும் ஜெபமும் போதும்னு நான் முடிவு பண்ணிட்டேன், அவருக்குத் தெரியவே விடல. டீச்சர்கிட்ட மூச்சு விடக்கூடாது, அந்தம்மா அப்பாவுக்குப் போன் போட்டுரும்னு என் தலையில கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன்.

உங்க கடிதம் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. அதை எடுத்துப் படிச்சுக் காட்டியிருந்தா அவர் நேரா உங்க வீட்டுக்கு வந்து கத்தியிருப்பார், நான் தப்பிச்சிருப்பேன். கை அதுவரைக்கும் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். எடுக்கல. நான்தான்னு சொல்லிட்டேன். உங்க மேல தப்பே இல்லைன்னு நான் எழுத மாட்டேன் டீச்சர், புள்ளைய அவ்வளவு நிக்க வச்சிருக்க வேண்டாம். ஆனா கொன்னது நீங்க இல்ல.

அவர் அடிக்கல, ஏசல. சட்டையை மாட்டினார். ஹேவ்லாக் தீவுல தம்பி வீட்டுக்குப் போறேன்னார். வாசல்ல நின்னு திரும்பி, "என்கிட்ட சொல்லச் சொல்லிப் புள்ள கேட்டாளா?"ன்னார்.

கேட்டாள்னேன். அப்பாகிட்ட சொல்லும்மா, அப்பா கூட்டிட்டுப் போவார்னு தினமும் கேட்டாள்னேன்.

செலின்