புதன்கிழமை லீவு

ஜூலை 23, புதன்

கோழிப்பண்ணையில் பெண்களுக்கு வார லீவு வேண்டுமென்று விடாமல் கேட்டு வாங்கியவள் நான். ஆளுக்கொரு நாள் என்று முறை. முதல் லீவு இன்று எனக்கு. ஆனால் விடிந்ததும் பழக்கத்தில் பண்ணைக்கே போய் நின்றேன்.

முதலாளி சிரித்தார். "வந்ததே வந்துட்ட அம்மிணி, முட்டையப் பொறுக்கிட்டுப் போயிரு. கோழிக்கு ஏது லீவு?"

கை தானாக முட்டை அட்டையை எடுத்தது. இன்று நான் பொறுக்கினால் அப்புறம் யாருக்கும் லீவு நிலைக்காது. கீழே வைத்தேன்.

"கோழிக்கு இல்லீங்க, எனக்கு இருக்குதுங்க. நாளைக்கு வாரனுங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. நாளைக்கு என்ன சொல்வாரோ. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் அந்த வழியில் இன்றுபோல் நிமிர்ந்து நடந்ததில்லை.

நாளை என்னோடு முட்டை பொறுக்கும் சரோஜாவின் லீவு முறை. அவளும் பழக்கத்தில் கிளம்பிவிடுவாள். விடியுமுன்பே அவள் வாசலில் போய் நின்று மறிக்க வேண்டும்.