நுகத்தில் தோள் கொடுத்த அக்காவுக்கு

அக்கா,

எதிர்க்கடையில் இன்று பீங்கான் சாமான் வந்த பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே திணித்திருந்த வைக்கோலின் மணம் என் வாசல் வரை வந்தது. பெருக்குவதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் உன் ஊர் ஏரி வெடித்துக் கிடந்த காலம். மழை பொய்த்து, புருஷனும் போன பிறகு, வண்டியையும் இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு பட்டணத்து விம்கோ நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தாய். "ஊர்ல புல்லே இல்லடி. இங்க இரும்பு ஏத்துனா இதுங்களாவது தின்னும்" என்றாய். பொம்பளை வண்டி ஓட்டுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் இங்கும் தண்ணீர் வற்றியது. லாரி வந்தால் குடத்தோடு ஓடுவோம். உன் குடம் முதலில் மாடுகளுக்குத்தான்.

"நீ இன்னாத்த குடிப்பே அக்கா?" என்று கத்துவேன்.

"நான் நாலு வூட்ல கேட்டுக் குடிப்பேன். அதுங்க யார் வூட்ல கேக்கும்?"

டோல்கேட்டில் செவலை மாடு விழுந்த அன்று நானும் உன் வண்டியில்தான் இருந்தேன். உச்சி வெயில். தார் இளகிக் குளம்பில் ஒட்டியது. முன்னங்கால் மடங்கி, நுரை தள்ளிச் சாய்ந்தது. டீக்கடையில் வாங்கி வந்த தண்ணீரை அதன் முகத்தில் ஊற்றினோம். கண் உன்னையே பார்த்தது. பிறகு அதுவும் நிலைகுத்திவிட்டது. பின்னால் லாரிகள் அலறின.

"எம்மா, வண்டிய எட்த்துகினு போ, ரோடே ஜாம் ஆயிகீது!" என்றான் ஒருவன்.

நீ அழவில்லை. செவலையின் கயிற்றை அவிழ்த்து, நுகத்தின் அந்தப் பக்கம் உன் தோளைக் கொடுத்தாய். மற்ற மாடு, மயிலை, உனக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டது. நான் பின்னாலிருந்து தள்ளினேன். பட்டறையில் இரும்பை இறக்கியபோது உன் ரவிக்கைத் தோளில் ரத்தம். "அவன ரோட்டுல போட்டுட்டு வந்துட்டேனேடி" என்று அப்போதுதான் அலறினாய்.

அதன் பிறகு மயிலை தீனியைத் தொடவில்லை. வண்டியை விட்டுவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு நடந்தே கிளம்பினாய்.

"அங்க தண்ணி கீதா?"

"இல்ல. இங்கயும் இல்லியே. இவன எங்கடி கூட்டிட்டுப் போவேன்?"



அடுத்த கோடையில் சேதி வந்தது. புல் தேடிப் போனவள் காய்ந்த ஏரிக்குள் சுருண்டு செத்துக் கிடந்தாயாம். மயிலை என்ன ஆனது என்று வந்தவருக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறும் ஒவ்வொரு வருஷமும், நீ கேட்டதற்குச் சொல்ல ஓர் ஊரின் பெயரைத் தேடுகிறேன். இன்னும் ஒன்றும் அகப்படவில்லை, அக்கா.