மூன்றாவது விசில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

“ஓவியமா, நாடகமா, என்னதான்டி படிக்கிற?” என்று கேட்டாயே. இரண்டும், மிச்சம் இருக்கும் கலைகளும் சேர்ந்த முதுகலைப் படிப்பு இது. நேற்று தேர்வாளர்கள் முன்னால், நீ பதிவு செய்து அனுப்பிய குக்கர் சத்தத்தை என் தேர்வுப் படைப்பாக அரையிருட்டு அறையில் ஒலிக்கவிட்டேன். மூன்றாவது விசிலுக்கு என்னையறியாமல் எழுந்து அடுப்பை அணைக்க ஓடினேன். அங்கே ஏது அடுப்பு? சுவரில் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள். நெற்றியில் சின்ன வீக்கம்தான், பயப்படாதே.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு முறை பதிவு செய்து அனுப்பு. மூன்றாவது விசிலோடு நிறுத்திவிடாதே. “காது கேக்கலையா? போய் அடுப்ப அணைடி!” என்று கத்துவாயே, அதுவும் வேண்டும்.

அது படிப்புக்கு இல்லை.

உன் மகள்