குமுட்டியை வெளியே வை

காமாட்சி துணை

காஞ்சிபுரம்
18-12-1968

சௌபாக்கியவதி காந்தாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறோம். நேற்று நான் கொடுத்த தந்தியைப் பார்த்துப் பயந்திருப்பாய், இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. குமுட்டியை வெளியே வை, ஜன்னலைத் திற என்பதை இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னதற்குத் தபாலாபீஸ் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்து, இதுக்கெல்லாமா தந்தி, கரி யாவாரம் அவ்ளோ நல்லா போவுதா என்று கேட்டார். கேட்டால் கேட்கட்டும்.

டில்லிக் குளிருக்கு வீட்டைத் தயார் செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, கதவுக்கு அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்து, ராத்திரி முழுக்கத் தொட்டில் பக்கத்தில் குமுட்டி அடுப்பில் கரி எரிகிறது, நம் வீட்டு மார்கழி மாதிரியே இருக்கிறது என்று நான் படிக்கப் படிக்க அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு வரி, காலையில் தலைவலி, குழந்தையும் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறான், குளிர்தான் போல என்று. அதைப் படித்ததும்தான் தந்தி கொடுக்க ஓடினேன். அது குளிர் இல்லை அம்மா, கரி நெருப்பின் நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது.

நம் வீட்டு மார்கழி எனக்கு மட்டும் மறக்குமா. மழை விட்டதும் முற்றத்துப் பக்கம் ஓலைத்தட்டி கட்டுவோம், ஜன்னலுக்கு அம்மா என் கடைக் கரிச்சாக்கை அலசித் தொங்கவிடுவாள், எத்தனை அலசினாலும் கறுப்பாகவே இருக்கிறது என்று நீ சண்டை போடுவாய். தம்பி பிறந்தபோது கட்டிலுக்கு அடியில் குமுட்டி, நீ பக்கத்தில் குந்தி வேர்க்கடலை சுட்டுத் தின்று மூக்கெல்லாம் கரி. பனி விலகித் தறிக்குப் பாவு நூல் விரிக்கிற வரைக்கும் நம் தெரு நெசவுக்காரர்கள் நம் கடை வாசலில்தான் கை காய்ந்துகொண்டு நிற்பார்கள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை சூடாகிறது. ஆனால் அந்த வீட்டுக்கு மேலே நாட்டு ஓடு, இடுக்கு வழியாக நிலா வெளிச்சம் உள்ளே விழும். நாம் எவ்வளவு அடைத்தாலும் காற்று போய் வந்துகொண்டிருந்தது. உனக்கோ தலைக்கு மேல் சிமெண்டுத் தளம், சுற்றிலும் பேப்பர்.

நம் கரிக்கிடங்குக்குக் காவல் இருக்கும் கந்தனை உனக்குத் தெரியும். நீ கல்யாணமாகிப் போன வருஷம் மழைக்குப் பயந்து கதவைச் சாத்திக் குமுட்டியோடு படுத்தவனைக் காலையில் நாலு பேர் வெளியே இழுத்துப் போட்டோம். தெளிந்ததும் அவன் சொன்னது இதுதான், "ஒண்ணும் தெரியல மொதலாளி, நல்லா தூக்கம் வந்துது, அவ்ளோதான்." அவன் காலடியில் படுத்திருந்த பூனை எழுந்திருக்கவே இல்லை. தாமல் கிராமத்திலிருந்து கரிக்கூடை சுமந்து வந்து, கரி விற்றே உங்களை வளர்த்தவன் நான், அதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் சொல்கிறேன், தூங்குகிற அறையில் கரி நெருப்பு கூடாது.

இது வந்து சேரும்போதும் பேப்பர் ஒட்டியபடி இருந்தால் கிழித்துவிட்டு மேலே படி. பாடுபட்டு ஒட்டினேனே என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டால் அப்பா பிடிவாதம் என்று சொல்லிவிடு. குழந்தையை உடனே டாக்டரிடம் காட்டு. குமுட்டியை வெளியே பற்றவைத்து வெந்நீர் போட்டு, ரப்பர் பையில் ஊற்றித் துணி சுற்றித் தொட்டிலில் கால்மாட்டில் வை. அம்மா தன் இரண்டு கம்பளியையும் பார்சல் கட்டிவிட்டாள், இங்கே குளிரே இல்லையாம், சொல்லும்போதே இருமுகிறாள்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். பையன் எப்படி இருக்கிறான் என்று மறுதபாலில் இரண்டு வரி எழுது. ராத்திரி குளிர் தாங்காமல் அவன் அழுதால் தூக்கி உன் மேலே போட்டுக்கொள், நெருப்பை மட்டும் உள்ளே கொண்டுவராதே. அழட்டும் அம்மா. அவன் அழுகிற சத்தம் உனக்குக் கேட்டால் போதும், இரண்டு பேரும் பிழைத்திருக்கிறீர்கள்.

இப்படிக்கு
உன் அப்பா
கோதண்டபாணி